சீனி வருத்தமும் வீட்டுச் சனமும்

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தால், எண்பதுகளில் அது அவருடைய தனி அலுவலாகவே இருந்தது. வீட்டில் பத்துப் பேர் இருப்பார்கள். ஒரே அடுப்பில் சோறு வேகும், ஒரே விறாந்தையில் பாய் விரியும். ஆனாலும் அந்த வருத்தத்தைப் பற்றி நோயாளிக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட மற்றவர்களுக்குத் தெரியாது. இன்றைக்கு நிலைமை தலைகீழாகிவிட்டது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் சில விநாடிகளில் அளவு தெரிகிறது. அறிந்துகொள்ள வழிகளும் ஏராளம். ஆனால் அந்த அளவைப் பார்த்து எழும்பி ஓடிவர, பல வீடுகளில் ஆள்தான் இல்லை.

இரண்டு காலத்தையும் கிட்ட இருந்து பார்த்தவன் நான். அதனால் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். சீனி வருத்தக்காரரோடு இருப்பவருக்குப் படிப்பிக்காமல் கொடுக்கிற மருந்து பாதி மருந்துதான்.

நீலம் முதல் செங்கல் வரை

எங்கள் பெரியப்பா கோண்டாவிலில் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து இளைப்பாறியவர். அவருக்குச் சீனி இருந்தது. காலையில் முகம் கழுவியதும் கிணற்றடிக்குப் பக்கத்துக் கொட்டிலுக்குப் போவார். அங்கே ஒரு ஸ்பிரிட் விளக்கும், ஒரு சோதனைக் குழாயும், பெனடிக்ட் கரைசல் போத்தலும் இருக்கும். குழாயில் நீலக் கரைசலை அளந்து விட்டு, சொட்டுப்போடும் குழாயால் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்பார். நிறம் நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் கூட, செம்மஞ்சளானால் இன்னும் கூட, செங்கல் நிறமானால் மிக அதிகம். பார்த்த நிறத்தை ஒரு பழைய கொப்பியில் எழுதி வைப்பார். பிள்ளைகள் நாங்கள் தள்ளி நின்று பார்க்கலாம், கிட்டப் போகக் கூடாது.

அந்தக் கொப்பியைப் பெரியம்மா ஒருநாளும் திறந்ததில்லை. யாரும் திறக்கச் சொன்னதுமில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதி: "அவருக்குச் சீனி கூடாது." ஆகவே பெரியப்பாவின் தேத்தண்ணிக்குள் சீனி விழாது. பதிலாகக் கையில் ஒரு துண்டு பனங்கட்டி வரும். பனங்கட்டி பனையில் இருந்து வருவது, அது சீனி இல்லை என்பது ஊர் முழுவதும் இருந்த நம்பிக்கை. உண்மையில் பனங்கட்டியும் பெரும்பகுதி அதே சீனிதான். புட்டுக்கு அளவில்லை, வயிறு நிறைந்தால் சரி. குரக்கன் புட்டு என்றால் இன்னொரு பிடி கூட, ஏனென்றால் குரக்கன் நல்லதாம். பாகற்காய் எந்த நாள் கறியாக வைக்கப்பட்டதோ, அந்த நாளில் மாம்பழத்துக்கும் அனுமதி கிடைத்துவிடும். கருத்தக்கொழும்பான் காலத்தில் இந்தக் கணக்கு அடிக்கடி நடக்கும். அன்புக்குக் குறைவிருக்கவில்லை. அந்த அன்புக்கு யாரும் படிப்பிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சோதனைக் குழாய்க்கும் ஒரு பெரிய குறை இருந்தது. இரத்தத்தில் சீனி ஒரு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகுதான் பொதுவாகச் சிறுநீரில் அது தெரியத் தொடங்கும். ஆகவே நீலம் வந்தால் சீனி சரியாக இருக்கிறது என்று பொருளில்லை. அதைவிட முக்கியமாக, சீனி ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கினாலும் அந்தக் குழாய் நீலமாகத்தான் இருக்கும்.

ஒருநாள் அப்படித்தான் நடந்தது. காலையில் நல்ல நீலம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பெரியப்பா ஒரு செத்தவீட்டுக்குப் போனார். சுடலைக்குப் போய்த் திரும்பி வரப் பின்னேரம் ஆகிவிட்டது, மத்தியானச் சாப்பாடு இல்லை. விறாந்தையில் வந்து இருந்தவருக்கு வேர்த்து ஊற்றியது. கை நடுங்கியது. பிறகு கத்தத் தொடங்கினார். பிள்ளைகளை "நீ" என்றுகூட அதட்டாத மனுசன், வாயில் வந்ததையெல்லாம் பேசினார். பெரியம்மாவையே ஆரென்று கேட்டார்.

வீட்டில் அன்றைக்கும் ஆட்களுக்குக் குறைவில்லை. ஒருவர் விபூதி கொண்டு வந்தார். ஒருவர் விசிறினார். சுடலையில் ஏதோ பிடித்துவிட்டது என்றார் ஒருவர். பித்தம் தலைக்கு ஏறிவிட்டது என்று சொன்னவரின் பேச்சுக்குத்தான் கூட மதிப்புக் கிடைத்தது. பெரியம்மா ஓடிப்போய்த் தேசிக்காய் பிழிந்து கரைத்துக் கொண்டு வந்தார். சீனி போடாமல்.

அடுத்த ஒழுங்கையில் ஓர் இளைப்பாறிய அப்போதிக்கரி இருந்தார். யாரோ போய்ச் சொல்ல, சயிக்கிளில் வந்து இறங்கினார். பெரியப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், எப்போது சாப்பிட்டவர் என்று கேட்டார், உடனே சீனிப் போத்தலைக் கொண்டுவரச் சொன்னார்.

"ஐயோ, அவருக்குச் சீனி கூடாதெல்லோ!" என்று பெரியம்மா தடுத்தார்.

"இப்ப சீனிதான் பிள்ளை மருந்து, கெதியாக் கொண்டு வா."

நாலு கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பெரியப்பாவை நிமிர்த்தி இருத்தி, மெல்ல மெல்லக் குடிக்க வைத்தார். கால் மணித்தியாலத்தில் பெரியப்பாவின் கண் தெளிந்தது. "என்னப்பா, எல்லாரும் கூடி நிக்கிறியள்?" என்று கேட்டார். அதோடு அப்போதிக்கரி விடவில்லை. உடனே சோறு கொடுக்கச் சொன்னார். அவர் போடுகிற மாத்திரை நெடுநேரம் வேலை செய்வது, சீனி திரும்பவும் இறங்கலாம் என்று சொல்லி, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

பெரியப்பா வீடு திரும்பியதும் அப்போதிக்கரி மறுபடி வந்தார். நோயாளியை விட்டுவிட்டு, மற்ற எல்லோரையும் விறாந்தையில் கூப்பிட்டு இருத்தினார். வேர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம், தடுமாற்றம்: இவை வந்தால் முதலில் சீனி, பிறகு சாப்பாடு. மயங்கிப் போனால் வாய்க்குள் ஒன்றும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மாத்திரை போட்டால் சாப்பாடு பிந்தக் கூடாது. எல்லாவற்றையும் வீட்டில் இருந்த கடைசிப் பிள்ளை வரை திருப்பிச் சொல்ல வைத்தார். எங்கள் வீட்டில் நடந்த முதல் நீரிழிவு வகுப்பு அதுதான். ஓர் ஆபத்து வந்து போன பிறகுதான் அது நடந்தது.

பாதை பூட்டிய காலம்

அந்த வகுப்பின் பெறுமதி பத்து வருடம் கழித்துத் தெரிந்தது. 1990இன் நடுப்பகுதியில் யுத்தம் மீண்டும் தொடங்க, குடாநாட்டில் மின்சாரம் போனது. பொருளாதாரத் தடை வந்தது. பெரியாஸ்பத்திரி செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் இயங்கியது, மருந்துகள் கப்பலில் வந்தன. பெரியப்பா அதற்குள் இன்சுலினுக்கு மாறியிருந்தார். திறக்காத இன்சுலின் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையிலான குளிரில் இருக்க வேண்டியது. குளிர்சாதனப் பெட்டி உடுப்பு வைக்கிற அலுமாரியாகிப் போன ஊரில் அதற்கு எங்கே போவது?

பெரியப்பாவின் மூத்த மகள், எங்கள் அக்கா, அதைக் கையில் எடுத்தார். நிழலான மூலையில் ஒரு பெரிய மண்சட்டி, அதற்குள் ஈர மணல், மணலுக்குள் ஒரு சின்ன முட்டி, முட்டிக்குள் ஒரு பையில் சுற்றிய இன்சுலின் போத்தல். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பார். குளிர்சாதனப் பெட்டிக்கு அது ஈடாகாது, ஆனால் வெளியில் கொளுத்துகிற வெயிலுக்கு அது பெரிய தடுப்பு. கண்ணாடி ஊசிக் குழாயை அவித்து எடுப்பதும், கோடு பார்த்து மருந்தை இழுப்பதும், குமிழியைத் தட்டி வெளியேற்றுவதும், ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றிக் குத்துவதும் அக்காவுக்குப் பழகிப் போயின. பெரியப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. கோடு பார்க்க அவரால் முடியாது. அந்த வீட்டில் அக்கா படித்திருக்காவிட்டால் இன்சுலின் இருந்தும் பயனில்லை.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி, மழைக்குள் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. நகைப் பெட்டி எடுத்தவர்கள் உண்டு, காணி உறுதி எடுத்தவர்கள் உண்டு. அக்காவின் கையில் ஈரத்துணி சுற்றிய முட்டியும், சேலைத் தலைப்பில் முடிந்த குளுக்கோஸ் மாவும் இருந்தன. பள்ளிக்கூடம் ஒன்றின் விறாந்தையில் தங்கிய நாட்களில் அடுத்த நேரச் சோறு எப்போது வரும் என்று தெரியாது. அவர் வைத்த விதி எளிமையானது. சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் ஊசி. அந்த ஒரு விதி பெரியப்பாவைக் காப்பாற்றியது என்றே இன்றைக்கும் நம்புகிறேன்.

தமிழில் படிப்பிக்கிற பழைய வழக்கம்

சாதாரண சனத்துக்கு அவர்களின் மொழியில் வைத்தியம் படிப்பிக்கலாம் என்று நிறுவியதே இந்தக் குடாநாடுதான். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கே வந்தார். மானிப்பாயில் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். மாணவர்களுக்குத் தமிழிலேயே படிப்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்து, 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்று மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் வேலையை மாணவர்களோடு சேர்ந்து செய்தார். 1873இல் அவர் நாடு திரும்பினார். அவருடைய பெயர் தாங்கிய ஆஸ்பத்திரி இன்றும் மானிப்பாயில் நிற்கிறது.

அந்த வழக்கம் அறுந்து போகவில்லை. டொக்டர் எம்.கே. முருகானந்தன், மருத்துவ நிபுணர் சிவன்சுதன் போன்றவர்கள் நீரிழிவைப் பற்றி வீட்டுச் சனத்துக்கு விளங்குகிற தமிழில் எழுதி வந்திருக்கிறார்கள். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், உயிர் இரசாயனவியல் பேராசிரியர் வசந்தி அரசரட்ணமும் அவருடைய குழுவினரும் நாம் சாப்பிடுகிற குரக்கன் உணவுகளையே ஆய்வுகூடத்துக்கு எடுத்துப் போய், அவை இரத்தச் சீனியை எவ்வளவு வேகமாக உயர்த்துகின்றன என்று அளந்தார்கள். குரக்கனும் மாச்சத்துத்தான். எதோடு சேர்த்து, எப்படிச் சமைத்து, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே அது நல்லதாவதும் கெட்டதாவதும். பெரியம்மா உயிரோடு இருந்த காலத்தில் இதை யாராவது அடுப்படிக்கு வந்து சொல்லியிருந்தால் பெரியப்பாவின் கொப்பியில் செங்கல் நிறம் எத்தனையோ நாட்கள் குறைந்திருக்கும்.

இன்றைய வீடு

நாட்டுக் கணக்கைப் பார்த்தால் பயம் வருகிறது. 2005-06இல் நடந்த பெரிய ஆய்வொன்று, வளர்ந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்றது. யுத்தத்தினால் வடமாகாணம் அதில் சேர்க்கப்படவேயில்லை. 2018-19இல் நாடளாவிய இன்னோர் ஆய்வு 23 சதவீதம் என்றது. ஏறத்தாழ நாலு பேருக்கு ஒருவர். இப்போது நோயாளி இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

வசதிகளும் வளர்ந்திருக்கின்றன. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் நீரிழிவுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. 2011 முதல் நாடு முழுவதும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் திறக்கப்பட்டு, வருத்தம் தெரியாதவர்களையும் கூப்பிட்டுச் சோதிக்கிறார்கள். அரச வைத்தியசாலைகளில் மருந்தும் இன்சுலினும் இலவசம். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்து ஆட்டிப் போட்டாலும், ஏழைக்கும் கதவு திறந்திருக்கிற நாடு இது.

அன்று பெரியப்பாவுக்கு ஊசி போட்ட அக்காவுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. அவருக்கும் சீனி. பெரிய மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில். அதே கோண்டாவில் வீட்டில் அவர் தனியே இருக்கிறார். மகன் அனுப்பிய சோதனைக் கருவி மேசையில் இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டிக்குள் இன்சுலின் பேனா இருக்கிறது, இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் இரண்டு நாட்டில் இருந்தும் முகங்கள் வருகின்றன. பெனடிக்ட் கரைசலைக் காய்ச்சிய வீட்டில் இதெல்லாம் கனவுபோல. ஆனால் பகல் முழுவதும் அந்த வீட்டில் உள்ள இன்னொரு உயிர், சமைக்க வருகிற பெண்மணி மட்டும்தான். நாடு முழுக்க இருக்கிற அறிவில் ஒரு துளியும் அந்தப் பெண்மணியிடம் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

அக்காவோடு கிளினிக்குக்குப் போயிருந்த ஒரு நாள், கொப்பியைப் புரட்டிப் பார்த்த மிஸ்ஸி கேட்ட கேள்வி எனக்கு மறக்காது.

"அம்மா, உங்களுக்கு ஆர் சமைக்கிறது?"

அக்கா சொன்னார்.

"அடுத்த முறை அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவரும் வந்தார். மிஸ்ஸி ஒரு வெறுங் கோப்பையை மேசையில் வைத்து விரலால் கோடு கிழித்துக் காட்டினார். இந்தப் பாதி முழுக்க மரக்கறியும் இலைவகையும்: முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பயித்தங்காய், கத்தரிக்காய், எதுவானாலும். மற்றப் பாதியில் ஒரு பங்கு சோறு அல்லது புட்டு, மற்றப் பங்கு மீன், முட்டை, பருப்பு அல்லது கடலை. மரவள்ளியும் உருளைக்கிழங்கும் சோற்றின் பங்கைச் சேர்ந்தவை, மரக்கறியின் பங்கை அல்ல. "புட்டோட வாழைப்பழம் குழைக்கிறதெண்டால் புட்டைக் குறைக்கவேணும்." சமைக்கிற பெண்மணி கேட்டார்: "அப்ப மிஸ்ஸி, எங்கட அவருக்கும் சீனி இருக்கு, அவருக்கும் இதே கணக்கோ?" அந்தப் பாடம் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்குப் போனது. சோற்றுக் கரண்டியைப் பிடிக்கிற கைக்குப் படிப்பிக்கிற சில நிமிடம், நோயாளிக்கு எத்தனையோ முறை சொல்கிற புத்திமதிக்கு மேல் என்பதை அன்றைக்குக் கண்ணால் கண்டேன்.

இது எங்கள் ஊர்க் குறை மட்டுமல்ல. 2013இல் வெளியான டோன் 2 என்ற ஆய்வு, இந்தியா உட்பட 17 நாடுகளில் நீரிழிவு உள்ளவர்களையும் அவர்களின் குடும்பத்தவரையும் வைத்தியத் துறையினரையும் விசாரித்தது. குடும்பத்தவரில் ஏறத்தாழ 23 சதவீதத்தினர் மட்டுமே ஏதாவது ஒரு நீரிழிவுக் கல்வியில் பங்குபற்றியிருந்தார்கள். 61 சதவீதத்தினருக்குச் சீனி திடீரென இறங்கிவிடுமோ என்ற கவலை இருந்தது. எப்படி உதவுவது என்றே தெரியவில்லை என்று 37 சதவீதத்தினர் சொன்னார்கள். உதவ மனமிருந்தும் வழி தெரியாமல் நிற்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அதனால்தான் நவம்பர் 14, இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடெரிக் பாண்டிங்கின் பிறந்தநாளில் வருகிற உலக நீரிழிவு நாள், 2018இலும் 2019இலும் குடும்பத்தையே தன் கருப்பொருளாக எடுத்தது.

விரதம், கோயில், கால்

எங்கள் வீடுகளுக்கென்றே சில ஆபத்துகள் இருக்கின்றன. வெளியூர்ப் புத்தகங்களில் அவை இருக்காது, நாங்களேதான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

முதலாவது விரதம். கந்தசஷ்டி ஆறு நாளும் சிலர் இளநீரோடு இருப்பார்கள், சிலர் பாலும் பழமும், சிலர் ஒருநேரச் சோறு. இன்சுலின் போடுபவரும், சீனியை இறக்கும் சில மாத்திரைகள் எடுப்பவரும் வழக்கமான மருந்தோடு பட்டினி இருந்தால் சீனி மிகத் தாழ்ந்துவிடும். அக்கா போன கந்தசஷ்டியின்போது சொல்லாமல் விரதம் பிடித்துவிட்டார். பின்னேரம் பூப்பறிக்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, உயர்தரம் படிக்கிறவள், கதிரையில் வேர்த்துப்போய் இருந்த அக்காவைக் கண்டாள். கூப்பிட்டதற்குப் பதில் குழறலாக வந்தது. பிள்ளை கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்தாள்: 52. எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து என்று அவளுக்கு அக்காவே முன்பு சொல்லிக் கொடுத்திருந்தார். மூன்று கரண்டி குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துக் கால் மணித்தியாலம் பொறுத்து மறுபடி பார்த்தாள்: 88. பிறகு இரண்டு இடியப்பமும் சொதியும். அதற்குப் பிறகுதான் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

அந்தப் பிள்ளை அக்காவுக்குச் சொந்தமில்லை. இன்றைய யாழ்ப்பாணத்தில் வீட்டார் என்று யாரைச் சொல்வது என்பதை அவள்தான் எனக்குக் காட்டினாள். சமைக்கிற பெண்மணி, பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிற ஓட்டோக்காரத் தம்பி: யார் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் முதலில் படிப்பிக்க வேண்டும்.

விரதம் பிடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிடிக்க விரும்புபவர் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு, மருந்தை எப்படி மாற்றுவது, மாற்ற முடியாதவராயின் விரதத்தை எப்படி இலகுவாக்குவது என்று அறிந்துகொள்ளட்டும். வீட்டில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கட்டும். சீனி இறங்கும்போது விரதத்தை முறிப்பது பாவமில்லை என்று ஒரு குருக்கள் சொன்னால், ஒரு வைத்தியர் சொல்வதைவிட அது கூட எடுபடும்.

இரண்டாவது கால். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் ஆவணி வெயிலில் நடக்கிறது. மணல் கொதிக்கும். வெறுங்காலோடு வீதி சுற்றுவதும், பிரதட்டை செய்வதும் எங்கள் பக்தி. நீண்டநாள் சீனி கால் நரம்பைப் பழுதாக்கினால் சூடும் முள்ளும் உறைக்காது. கொப்புளம் வந்தது தெரியாது, கல் குத்தியது தெரியாது. புண் பெரிதான பிறகுதான் வீட்டுக்குத் தெரியவரும். வலிக்கிறது, விறைக்கிறது என்று வீட்டார் அன்போடு கொதிநீர் ஒத்தணம் கொடுத்துக் காலைச் சுட்டுவிட்ட கதைகளும் நிறைய உண்டு. 1987இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் செயற்கைக்கால் நிறுவனம் குண்டாலும் மிதிவெடியாலும் கால் இழந்தவர்களுக்காகப் பாடுபட்டது. இன்று அந்தப் படியில் சீனியால் கால் இழந்தவர்களும் ஏறுகிறார்கள். யுத்தம் முடிந்த பிறகும் கால் போவது நிற்கவில்லை என்பது இந்த மண்ணுக்குப் பெரிய துயரம்.

வயது போனவருக்குக் குனிந்து தன் பாதத்தைப் பார்க்க முடியாது, கண்ணும் தெரியாது. ஆகவே பாதம் பார்ப்பது வீட்டாரின் வேலை. இரவு படுக்குமுன் ஒரு வெளிச்சத்தைப் பிடித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். கால் ஆணியைப் பிளேட்டால் வெட்டக் கூடாது. சின்னப் புண்ணென்றாலும் அடுத்த நாளே காட்ட வேண்டும். இதைப் பேரப்பிள்ளையும் செய்யலாம்.

காவலா, துணையா?

படிப்பிப்பது என்றால் கண்காணிக்கச் சொல்லிக் கொடுப்பதல்ல. இன்றைய வட்ஸ்அப் காலத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "அம்மா, ஏன் 240? என்ன சாப்பிட்டனீங்கள்? நாங்கள் சொல்லுறது ஒண்டையும் நீங்கள் கேக்கிறேல்லை" என்று கடல் கடந்து வருகிற ஏச்சு, நோயாளியை ஒன்றில் சோதிக்காமல் விடச் செய்கிறது, அல்லது பொய் அளவு எழுத வைக்கிறது. கொப்பியில் அழகான எண்கள் இருக்கும், உடம்பு கெட்டுக்கொண்டு போகும். சாப்பாடு மட்டும் சீனியை ஏற்றுவதில்லை. காய்ச்சல், நித்திரையின்மை, மனக்கவலை, விட்டுப்போன ஒரு மாத்திரை, வெயிலில் கெட்டுப்போன இன்சுலின் என்று எதுவும் ஏற்றலாம். "என்ன நடந்தது அம்மா, உடம்புக்கு ஏதும் செய்யுதோ?" என்று கேட்கிற பிள்ளைக்கு உண்மை கிடைக்கும்.

நோயாளிக்கு மட்டும் தனிச்சட்டியில் உப்புச் சப்பில்லாத சாப்பாடு கொடுத்துவிட்டு மற்றவர்கள் பாணும் பட்டரும் பேக்கரிப் பலகாரமும் சாப்பிடுகிற வீட்டில் அந்த மனிதர் களவாகச் சாப்பிடத்தான் செய்வார். அவருக்கு நல்லதாகிய சாப்பாடு எல்லோருக்கும் நல்லது. தாய்க்கோ தகப்பனுக்கோ சீனி என்றால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பும் கூட. தெற்காசியர்களான எங்களுக்கு மற்ற இனத்தவரைவிட இளவயதிலும், குறைந்த உடல் பருமனிலும் இது வருகிறது. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்றிமீற்றரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டினால் கவனம் வேண்டும். வரமுன் தடுக்கவும் முடியும். சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரனின் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, நீரிழிவின் வாசலில் நின்றவர்கள் நடையாலும் உணவு மாற்றத்தாலும் அந்த ஆபத்தை 28.5 சதவீதம் குறைத்தார்கள் என்று காட்டியது. குசினியில் படிப்பிக்கிற பாடம் நோயாளியைப் பாதுகாக்கிறது, பக்கத்தில் இருந்து சாப்பிடுகிற பிள்ளையையும் பாதுகாக்கிறது.

கிளினிக் நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நோயாளிகள் நிறைய, நேரம் குறைவு என்பது தெரியும். ஆனாலும் "ஆர் உங்களுக்குச் சமைக்கிறது? சீனி இறங்கினால் ஆர் உங்களைப் பார்ப்பினம்?" என்ற இரண்டு கேள்வியையும் கேட்டு, பதிலாக வருகிற பெயரைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பெயருக்குரியவரை வருடத்தில் ஒரு முறையாவது உள்ளே கூப்பிடுங்கள்.

வாசிக்கிற உங்களிடமும் ஒன்று. உங்கள் வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் அவர் என்ன மருந்து, எத்தனை மணிக்கு எடுக்கிறார் என்று இன்றைக்கே கேட்டு அறியுங்கள். குளுக்கோஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள். தூர இருக்கும் பிள்ளைகளானால் கருவி அனுப்பியதோடு நின்றுவிடாமல், அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருவரின் பெயரைக் கேட்டு, அவரோடும் நேரடியாகக் கதையுங்கள். அடுத்த கிளினிக் நாளுக்குக் கொப்பியோடு சேர்த்து, சமைக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.